45 × 65-க்கு உத்தேச விடை 3500 மட்டும்தானா? (ஆறாம் வகுப்புக் கணக்கு, விவரம் தெரிந்தவர்கள் வரவும்)

#1 பாளைவாசி

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளித் தேர்வில் ஒரு கேள்வி: "எண்களை அருகிலுள்ள பத்துக்கு முழுதாக்கி 45 × 65 இன் உத்தேச மதிப்பைக் காண்க." அவள் 50 × 60 = 3000 என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 50 × 70 = 3500 என்று எழுதி, இரண்டு மதிப்பெண்ணையும் பிடுங்கிவிட்டார்கள்.

உண்மையான பெருக்கற்பலன் 2925. அவள் விடை 75 தள்ளி நிற்கிறது. சரியென்று சொல்லப்பட்ட விடை 575 தள்ளி நிற்கிறது. தள்ளி நிற்பதற்கு முழு மதிப்பெண், நெருங்கி நிற்பதற்குச் சுழி!

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "இரண்டையும் ஏற்றினால் ரொம்ப ஏறிவிடுமே அப்பா, அதனால்தான் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினேன்" என்கிறாள். பள்ளியில் போய்ச் சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. பிள்ளையிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

#2 சாக்பீஸ் டீச்சர்

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் கணக்குத் தாள் திருத்திய கை இது. என் கையில் வந்திருந்தாலும் அந்த இரண்டு மதிப்பெண் போயிருக்கும். கோபப்படாமல் கேளுங்கள்.

கேள்வியில் "அருகிலுள்ள பத்துக்கு" என்று இருக்கிறது. 65-க்கு 60-உம் 70-உம் ஒரே தூரம். அப்படி நடுவில் நிற்கும் எண்ணை மேலே தள்ள வேண்டும் என்பது பாடப்புத்தக வழக்கம். அந்த வழக்கம் தெரியுமா என்பதைத்தான் கேள்வி சோதிக்கிறது. உங்கள் மகள் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, அதைவிட நல்ல கேள்வி ஒன்றுக்கு விடை எழுதியிருக்கிறாள்.

நான் குறை சொல்வதென்றால் கேள்வி எடுத்தவரைத்தான் சொல்வேன். இரண்டு எண்ணையும் ஐந்தில் முடிய வைத்தால் வழக்கம் எங்கே சொதப்புமோ அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியது போலாகிறது. 43 × 68 என்று கொடுத்திருக்கலாம். 40 × 70 = 2800, உண்மை விடை 2924. பிள்ளையும் குழம்பியிருக்காது, நீங்களும் இங்கே வந்திருக்க மாட்டீர்கள்.

#3 குறுக்குத்துறை

டீச்சர் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். ஐந்தில் முடிந்தால் மேலே என்பது பல வழக்கங்களில் ஒன்று, அவ்வளவுதான். எங்கள் பொறியியல் வேலையில் ஐ.எஸ். 2 என்று ஓர் இந்தியத் தர ஆவணம் உண்டு, 1960-இல் வந்தது. எண்களை முழுதாக்குவதற்கென்றே எழுதப்பட்ட விதிகள். அதன்படி சரியாக ஐந்தில் நின்றால், முந்தைய இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஏற்ற வேண்டும், இரட்டைப்படை என்றால் அப்படியே விட்டுவிட வேண்டும். கணினிகள் தசம எண்களைக் கையாளும் முறையிலும் இதுவே இயல்பான ஏற்பாடு. "எப்போதும் மேலே" என்பது பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம்.

#4 மேலப்பாளையம் கணக்கர்

> இரட்டைப்படை என்றால் அப்படியே விட்டுவிட வேண்டும்

அண்ணே, உங்கள் ஆவணப்படியே போட்டுப் பார்த்தேன். 45-இல் 4 இரட்டை, ஆகவே 40. 65-இல் 6 இரட்டை, ஆகவே 60. நாற்பது அறுபது 2400. உண்மை விடைக்கு 525 குறைவு. பள்ளிக்கூடம் மேலே விழுந்தது, நீங்கள் கீழே விழுந்தீர்கள். அடி இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

#5 குறுக்குத்துறை

அந்த விதி நீளமான கூட்டலுக்கு உதவுவது. நூறு எண்களைக் கூட்டும்போது ஏறியதும் இறங்கியதும் தங்களுக்குள் கழிந்துகொள்ளும். இரண்டே எண்களைப் பெருக்கும்போது கழிவதற்கு ஆள் ஏது? தனியாக ஓர் எண்ணை மட்டும் பார்த்து எழுதிய எந்த விதியும் பெருக்கலில் தடுமாறத்தான் செய்யும். பாளைவாசியின் மகள் பிடித்தது இதைத்தான்.

கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 45-ஐ 50 ஆக்கினால் எவ்வளவு கூடுகிறது? ஐந்து என்று சொல்லத் தோன்றும். பெருக்கலில் அது ஐந்து 65, அதாவது 325. 65-ஐ 60 ஆக்கினால் குறைவது ஐந்து 45, அதாவது 225. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஐந்தைந்து 25 இன்னும் குறையும். 325 − 225 − 25 = 75. அதனால்தான் 3000 வந்தது.

இப்போது திருப்பிப் போடுங்கள். 45-ஐ 40 ஆக்கி, 65-ஐ 70 ஆக்குங்கள். 2800. இதுவும் ஒன்று ஏறி ஒன்று இறங்கியதுதான், ஆனால் 125 குறைகிறது. ஒரே ஐந்துதான் என்றாலும் சின்ன எண்ணில் கைவைத்தால் விளைவு பெரிது, பெரிய எண்ணில் கைவைத்தால் விளைவு சிறிது. சதவீதமாகப் பார்த்தால் சட்டென்று புரியும்: 45-க்கு 5 என்பது 11 சதவீதம், 65-க்கு 5 என்பது 8 சதவீதத்துக்கும் குறைவு. பெருக்கும்போது இந்தச் சதவீதங்கள் ஏறக்குறையக் கூடிக்கொள்கின்றன. இரண்டும் மேலே போனால் 11-உம் 8-உம் சேர்ந்து 19-ஐத் தாண்டும். எதிரெதிராகப் போனால் 5-க்குள் அடங்கும்.

#6 சொதி வாசம்

கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவன் நான். எங்கள் தொழிலில் இந்த ஏற்ற இறக்கம் கழிகிற பேச்சுக்கே இடமில்லை. 380 இலை, இலைக்கு 120 கிராம் அரிசி என்றால் 45 கிலோ 600 கிராம் வரும். நான் 400 இலை, 125 கிராம் என்று வைத்து 50 கிலோ இறக்கிவிடுவேன். இரண்டும் மேலேதான். பந்தியில் சோறு தீர்ந்துபோனால் 75 தள்ளி நின்றோமா 575 தள்ளி நின்றோமா என்று எவரும் கேட்க மாட்டார்கள். பெண் வீட்டார் முகம்தான் தொங்கும், என் பெயர்தான் கெடும்.

மறுநாள் மாப்பிள்ளைச் சொதி இன்னும் கறார். தேங்காயைத் திருகி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து, பாசிப்பருப்பும் காயும் வெந்த பிறகு வரிசை மாறாமல் ஊற்ற வேண்டும். குறைகிறது என்று தண்ணீரைச் சேர்த்தால் அதற்குப் பெயர் சொதி இல்லை. ஆகவே தேங்காய்க் கணக்கில் நான் ஒருபோதும் இறக்குவதில்லை.

ஆனால் அப்பளத்தில் இறக்குவேன். எண்ணெய் காய்ந்தபடிதான் இருக்கிறது. குறைந்தால் அடுத்த பந்தி உட்காருவதற்குள் பொரித்துவிடலாம். பொரித்து மிஞ்சியது நமத்துப் போகும்.

#7 மேலப்பாளையம் கணக்கர்

அண்ணாச்சி, அந்தச் சொதிக்கு இஞ்சிப் பச்சடி எப்படி அரைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். நான் அரைத்தால் கசந்துவிடுகிறது.

#8 மட்டறுப்பாளர்

இஞ்சிப் பச்சடி தொடர்பான பதிவுகள் சமையல் பகுதிக்கு மாற்றப்பட்டன. இங்கே கணக்கு மட்டும்.

#9 களக்காட்டு ஏத்தன்

சமையல்கார அண்ணாச்சி இரண்டையும் ஏற்றுகிறார். எங்களிடம் வாழைத்தார் எடுக்க வரும் வியாபாரி இரண்டையும் இறக்குகிறார். நடுவில் நிற்கிறவன் பாடு எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு ஏக்கர் ஏத்தன் போட்டிருந்தேன். ஆறடிக்கு ஆறடி இடைவெளி. ஏக்கருக்கு 43,560 சதுர அடி, ஒரு வாழைக்கு 36 சதுர அடி, வகுத்தால் 1210 வாழை. வரப்பு, வாய்க்கால் போக எங்கள் வயலில் 28 வரிசை, வரிசைக்கு 43. மொத்தம் 1204. தோட்டத்தோடு விலை பேச வந்தவர் வரப்பில் நின்றபடியே கையை நீட்டி ஒரு பார்வை பார்த்தார். "இருபத்தைந்து வரிசை, வரிசைக்கு நாற்பது, ஆக ஆயிரம் தார். ஆயிரத்துக்குப் பேசுவோம்" என்றார். 28-ஐ 25 ஆக்கியது பெரிய குற்றமாகத் தெரியாது. 43-ஐ 40 ஆக்கியதும் தெரியாது. இரண்டும் சேர்ந்தபோது 204 தார் காற்றோடு போய்விட்டது. ஆறில் ஒரு பங்கு!

நான் என்ன செய்வேன் என்றால், 28-ஐ 30 ஆக்கி 43-ஐ 40 ஆக்குவேன். முந்நாற்பது 120, ஆக 1200. நாலே தார்தான் வித்தியாசம். 28-இல் 2 ஏழு சதவீதம், 43-இல் 3-உம் ஏழு சதவீதம், ஒன்று ஏறியது ஒன்று இறங்கியது. குறுக்குத்துறை அண்ணன் எழுதியதைப் படித்த பிறகுதான் அது ஏன் இவ்வளவு நெருக்கமாக வருகிறது என்று விளங்கியது.

#10 டவுண் மண்டி

எங்கள் குடும்பமே தார் வியாபாரம்தான், அதனால் வியாபாரி பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1204 வாழை நிற்கிறது என்பதால் 1204 தார் வெட்ட முடியாது. காற்றில் சாய்ந்தது இருக்கும், இன்னும் குலை தள்ளாதது இருக்கும், சீப்பு சிறுத்தது இருக்கும். அதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் ஆயிரம் என்று சொல்லியிருப்பார்.

#11 களக்காட்டு ஏத்தன்

கழிவு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. "1200 வாழை, அதில் நூறு கழிவு" என்று வாயைத் திறந்து சொல்லட்டும், நான் சுற்றிக்காட்டி நூறா அறுபதா என்று பேசிக்கொள்வேன். எண்ணிக்கையை உருட்டும் சாக்கில் கழிவை உள்ளே ஒளித்து வைப்பதுதான் பிடிக்கவில்லை. பிறகு வெட்டும் அன்று சாய்ந்த வாழையைக் காட்டி அதற்கும் தனியாகக் கழிப்பார்கள். ஒரே கழிவு இரண்டு தடவை.

#12 சொதி வாசம்

களக்காட்டுத் தம்பி சொல்வது எங்கள் பக்கமும் நடக்கிறது, திசைதான் வேறு. கல்யாண வீட்டார் 350 பேர் வருவார்கள் என்று மனத்துக்குள் எண்ணிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என்னிடம் 400 என்பார்கள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று 450 வைப்பேன். 120 கிராமை உதவியாள் தன் பங்குக்கு 130 ஆக்குவான். 42 கிலோ போதுமான இடத்தில் 58 அரைக் கிலோ வெந்து நிற்கும். மூன்று பேர் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றியதுதான். ஒருவர் மேலும் தப்பில்லை, ஆனால் நாற்பது சதவீதச் சோறு மிச்சம். இப்போதெல்லாம் முதலில் கேட்பது இதுதான்: "நீங்கள் சொல்வது எண்ணிய எண்ணா, ஏற்றிய எண்ணா?"

#13 ரோஸ்மில்க்

கைபேசியில் கால்குலேட்டர் இருக்கிறது. 45 × 65 என்று தட்டினால் 2925 என்று வந்துவிடும். இவ்வளவு விவாதம் எதற்கு என்று புரியவில்லை.

#14 சாக்பீஸ் டீச்சர்

தம்பி, தட்டும்போது 5-ஐ இரண்டு தடவை தட்டிவிட்டால்? 45 × 655 = 29,475. கால்குலேட்டர் முகம் சுளிக்காது, அதே கம்பீரத்தோடு காட்டும். ஐம்பது எழுபது 3500 என்று மனத்தில் ஒரு எண் இருந்தால்தான் 29 ஆயிரம் என்றதும் உறைக்கும்.

இதைச் சொல்லும்போதே பள்ளிக்கூடத்து விடைக்கும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். இலக்கம் கூடியதா குறைந்ததா என்று பிடிப்பதற்கு 3500 தாராளமாகப் போதும். அதற்கு 3000-இன் நெருக்கம் தேவையே இல்லை. ஆறாம் வகுப்பில் உத்தேசம் சொல்லிக்கொடுப்பதே முக்கியமாக இந்தக் காவலுக்குத்தான். சட்டென்று, யோசிக்காமல், எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி போட வேண்டும் என்றால் ஒரு விதி வேண்டியிருக்கிறது. தார் விலை பேசுவதும் அரிசி இறக்குவதும் வேறு வேலை.

#15 முக்கூடல் அக்கா

விதி விதி என்று பிள்ளைகளை ஓட்டினால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் பார்க்கலாம். தங்கை மகன் 4 × 268-க்கு உத்தேச விடை பூஜ்யம் என்று எழுதியிருந்தான். என்னடா இது என்றால், "4-ஐ அருகிலுள்ள பத்துக்கு முழுதாக்கினால் 0 சித்தி... பெரியம்மா" என்று திணறிக்கொண்டே விளக்கம் சொல்கிறான். விதிப்படி அவன் சொன்னது சரி. கடைக்காரர் ஒப்புக்கொண்டால் நான் தினமும் நாலு நாலாகவே வாங்கிக்கொள்வேன்.

4-ஐத் தொடாதே, 268-ஐ மட்டும் 270 ஆக்கு, 1080 என்று சொல்லிக்கொடுத்தேன். உண்மை விடை 1072.

#16 குறுக்குத்துறை

அக்கா சொன்னது பெரிய விஷயம், சிரிப்போடு போய்விடக் கூடாது. 268-க்கு 2 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. 4-க்கு 4 என்பது நூறு சதவீதம். ஒற்றை இலக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பெரிய எண்ணை மட்டும் உருட்ட வேண்டும்.

#17 அம்பை மரக்கால்

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். பத்துக்குத்தான் முழுதாக்க வேண்டும் என்று ஏன் எல்லோரும் பிடிவாதம் பிடிக்கிறீர்கள்?

எங்கள் பக்கத்தில் நெல்லைக் கோட்டைக் கணக்கில் அளந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். 38 கோட்டை நெல் எத்தனை மரக்கால் என்று களத்தில் கேட்டால், கணக்குப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "எண்ணூறு" என்பார். 40 × 20. பிறகு மெதுவாக 38-ஐ இருபது மடங்காக்கி 760, அதோடு ஒரு 38 சேர்த்து 798 என்று ஏட்டில் எழுதுவார். முதலில் சொன்னது மூட்டை பிடிக்கிற ஆட்களுக்கு, பிறகு எழுதியது பண்ணையாருக்கு. ஒரு களத்தில் இரண்டு விடையும் வேண்டியிருந்தது.

இதைவிடச் சுவையானது கால், அரை, முக்கால் வாய்ப்பாடு. 25 × 73 என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட விதிப்படி 30 × 70 = 2100. உண்மை விடை 1825. பதினைந்து சதவீதம் ஓடிவிட்டது. நான் 73-ஐ 75 ஆக்குவேன், 25-ஐ 24 ஆக்குவேன். 75 என்பது நூற்றில் முக்கால். 24 முக்கால் 18. ஆகவே 1800. வெறும் 25-தான் குறைவு. தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். 1957 ஏப்ரலில் தசம நாணயம் வரும் வரைக்கும் ரூபாய்க்கு 16 அணா. கால் ரூபாய் நாலணா, முக்கால் ரூபாய் பன்னிரண்டணா என்று அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது நாக்கிலேயே இருந்தது. பத்து பத்தாக நாணயம் வந்த பிறகு பத்து பத்தாகவே உருட்டவும் பழகிவிட்டோம் போலிருக்கிறது.

#18 மேலப்பாளையம் கணக்கர்

ஐயா, 24 முக்கால் 18 என்பது உங்களுக்கு நாக்கில் இருக்கிறது. என் மகனுக்கு எட்டாம் வாய்ப்பாடே தகராறு. பத்து என்பது எல்லோருக்கும் பொதுவான படி, அதனால்தான் புத்தகத்தில் அது நிற்கிறது.

#19 அம்பை மரக்கால்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 25, 50, 75 மூன்றையாவது பழக்கிவிடுங்கள். கடைத்தெருவில் பாதிக் கணக்கு அதற்குள் வந்துவிடும்.

#20 கடைமடை

மணிமுத்தாறு தண்ணீரை நம்பி வயல் வைத்திருக்கிறவன். அதிகாரி அல்ல, தினமும் பேப்பரில் அணை நிலவரம் பார்த்து நானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறவன். எந்தப் பக்கம் உருட்டுவது என்பது ஆளைப் பொறுத்து மட்டுமல்ல, பருவத்தைப் பொறுத்தும் மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேப்பரில் அணைக்கு வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி என்று போடுவார்கள். ஒரு நாளைக்கு 24 × 60 × 60, அதாவது 86,400 வினாடி. வினாடிக்கு 1 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 86,400 கனஅடி சேரும். மில்லியன் கனஅடிக்கு மாற்ற வேண்டுமென்றால் வரத்தை 11.574 ஆல் வகுக்க வேண்டும். மனக்கணக்கில் இந்த எண்ணோடு யார் மல்லுக்கட்டுவது? 11 அல்லது 12 என்று வைத்துக்கொள்வேன். எது என்பதில்தான் சூட்சுமம்.

வரத்து 1800, வெளியேற்றம் 1100 என்று ஒரு நாள் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவலாமா என்று யோசிக்கும் நேரம். வருவதைக் குறைத்தும் போவதைக் கூட்டியும் எண்ணுவதுதான் எனக்குப் பாதுகாப்பு. 1800-ஐ 12 ஆல் வகுத்து 150. 1100-ஐ 11 ஆல் வகுத்து 100. அணையில் ஒரு நாளைக்குக் கூடுவது 50 மில்லியன் கனஅடி என்று வைத்துக்கொள்வேன். மணிமுத்தாறு நிறைந்தால் 118 அடி, பாபநாசம் 143 அடி; நிறையுமா நிறையாதா என்பதில் நாமாக ஆசைப்பட்டு உருட்டக் கூடாது.

அதே எண்கள் அடைமழை நேரத்தில் வந்தால் தலைகீழ். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஆற்றோரத்தில் வீடு உள்ளவன் வருவதைக் கூட்டியும் போவதைக் குறைத்தும்தான் எண்ண வேண்டும். 1800-ஐ 11 ஆல் வகுத்தால் 164-க்குப் பக்கம், 1100-ஐ 12 ஆல் வகுத்தால் 92-க்குப் பக்கம். கூடுவது 72.

உண்மையில் கூடுவது 60-க்குக் கொஞ்சம் மேல். வகுக்கும் எண்ணில் நான் செய்த மாற்றம் ஐந்து சதவீதத்துக்கு உள்ளேதான். கழித்துப் பார்த்த பிறகு 60 இருக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை 50, ஒருமுறை 72. உத்தேச விடை இரண்டைக் கழிக்கும்போது பிழை இப்படித்தான் ஊதிப் பெருக்கும். இதைப் புத்தகத்தில் எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள் டீச்சர்?

#21 சாக்பீஸ் டீச்சர்

இந்த அளவுக்கு விரித்து நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் நீங்கள் இரண்டு விடை எடுத்தீர்களே, அதை நான் வகுப்பில் வேறு விதமாகச் செய்வதுண்டு. 45 × 65 என்றால் இரண்டையும் இறக்கி 2400, இரண்டையும் ஏற்றி 3500. உண்மை விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும், தப்பிக்க வழியே இல்லை. பாளைவாசியின் மகள் எழுதிய 3000 நெருக்கமானதுதான், ஆனால் அது உண்மைக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 3500 தூரத்தில் நிற்கிறது, ஆனால் உண்மை இதைத் தாண்டாது என்று அடித்துச் சொல்லலாம். சமையல்காரருக்கு வேண்டியது இந்த உறுதிதான். களக்காட்டுத் தம்பிக்கு வேண்டியது அந்த நெருக்கம்.

#22 டவுண் மண்டி

அப்படியானால் எங்கள் வியாபாரிக்கு வேண்டியது கீழ் எல்லை. குற்றமில்லை என்று டீச்சரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

#23 களக்காட்டு ஏத்தன்

கீழ் எல்லை என்று சொல்லிவிட்டுப் பேசினால் குற்றமில்லை. அதுதான் எண்ணிக்கை என்று சத்தியம் செய்தால் குற்றம்.

#24 பாளைவாசி

இவ்வளவு பேர் வந்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மகளை உட்காரவைத்து இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். மதிப்பெண் போனதை மறந்துவிட்டாள். 4 × 268 பூஜ்யம் என்ற இடத்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இப்போது அவளாகவே ஒரு கேள்வி கேட்கிறாள், எனக்கு விடை தெரியவில்லை. மூன்று எண்கள் இருந்தால்? 25 × 35 × 45. ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினால் மூன்றாவது தனியாக நிற்கிறதே, அதை என்ன செய்வது என்கிறாள்.

#25 ரோஸ்மில்க்

கால்குலேட்டரில் 39,375.

#26 குறுக்குத்துறை

பாளைவாசி, மகளிடம் சொல்லுங்கள்: ஐந்து ஐந்தாக மூன்று இடத்திலும் நகர்த்தினாலும் மூன்றும் சமமான நகர்வு அல்ல. 25-க்கு 5 என்பது 20 சதவீதம். 35-க்கு 14 சதவீதம். 45-க்கு 11 சதவீதம். பெரிய சதவீதம் ஒரு பக்கம், மற்ற இரண்டும் சேர்ந்து எதிர்ப் பக்கம் போனால் தராசு ஏறக்குறைய நேராகும். ஆகவே 25-ஐ இறக்கி, மற்ற இரண்டையும் ஏற்ற வேண்டும். 20 × 40 × 50 = 40,000. உண்மைக்கு 625 மட்டுமே கூடுதல், இரண்டு சதவீதத்துக்கும் கீழே.

மாற்றிப் பார்க்கட்டும். 25-ஐ ஏற்றி மற்ற இரண்டையும் இறக்கினால் 30 × 30 × 40 = 36,000, ஒன்பது சதவீதம்வரை குறைவு. 35-ஐ மட்டும் இறக்கினால் 45,000. 45-ஐ மட்டும் இறக்கினால் 48,000. எட்டு விதமாகப் போட முடியும், மீதியை அவளே போட்டுப் பார்க்கட்டும்.

#27 சாக்பீஸ் டீச்சர்

மூன்றையும் ஏற்றினால் 30 × 40 × 50 = 60,000, உண்மையைப் போல ஒன்றரை மடங்கு. தேர்வில் "அருகிலுள்ள பத்துக்கு" என்று கேட்டால் அதைத்தான் எழுத வேண்டும் என்று மகளிடம் சொல்லிவையுங்கள் தம்பி. விடைக்குக் கீழே சின்ன எழுத்தில் 40,000 என்றும் எழுதிவைக்கட்டும். திருத்துகிறவர் கண்ணில் படட்டும்.